இன்டக்ரேஷன் டெஸ்ட்டில் டேட்டாபேஸ் தகராறு: கீழ்ப்படியிலிருந்து தேடும் முழு வழிகாட்டி

மொரிஷியஸின் எபேனில் எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்துக்குள் ஒருமுறையாவது என் மேசைக்கு வந்து, "அக்கா, டெஸ்ட் பா பே மார்சே" என்பார்கள். கிரியோலில் 'ஓடமாட்டேங்குது' என்று அர்த்தம். ரெடுயில் உள்ள பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வரும் உள்ளூர்ப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்களுக்கும் ஒரு மாதத்தில் அந்த வார்த்தை ஒட்டிக்கொள்ளும். "என்ன எரர் வந்தது?" என்று கேட்டால் பதில் இருக்காது. அதற்குள் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள், டேட்டாபேஸ் ஓடும் தனிப் பெட்டியான டாக்கர் கண்டெய்னரை நாலு தடவை ரீஸ்டார்ட் பண்ணியிருப்பார்கள், எங்கோ பார்த்த ஒரு வரியைக் கான்ஃபிக் ஃபைலில் ஒட்டியிருப்பார்கள். முதலில் இருந்த பிரச்சினை எது, இவர்கள் உண்டாக்கியது எது என்று பிறகு பிரிக்கவே முடியாது.

இன்டக்ரேஷன் டெஸ்ட் என்பது நம் புரோகிராமை நிஜ டேட்டாபேஸோடு சேர்த்து ஓட்டிப் பார்ப்பது. டேட்டாபேஸோடு பேசுவது படிப்படியாக நடக்கிற காரியம். முகவரி சரியாக இருக்க வேண்டும், அங்கே சர்வர் எழுந்திருக்க வேண்டும், அது யூசரை உள்ளே விட வேண்டும், உள்ளே டேபிள் இருக்க வேண்டும், டேபிளில் பழைய குப்பை இருக்கக் கூடாது. கீழ்ப்படி உடைந்திருக்கும்போது மேற்படியைத் தட்டிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். இந்த வழிகாட்டியின் வரிசையும் அதுதான், தாண்டிக் குதிக்க வேண்டாம். உதாரணங்கள் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ். தேவையான இடத்தில் மைஎஸ்க்யூஎல்லும் வரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், உங்கள் அப்ளிகேஷன் இல்லாமலே டேட்டாபேஸைத் தொடக்கூடிய ஒரு கிளையன்ட். போஸ்ட்கிரெஸுக்கு பிஎஸ்க்யூஎல், மைஎஸ்க்யூஎல்லுக்கு அதன் கிளையன்ட் போதும். டெஸ்ட் எந்த இடத்தில் ஓடுகிறதோ அதே இடத்திலிருந்து அதை ஓட்ட வேண்டும். டெஸ்ட் கண்டெய்னருக்குள் ஓடும்போது, நீங்கள் லேப்டாப் டெர்மினலில் கனெக்ட் பண்ணிப் பார்த்து "எனக்கு வருதே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அது வேறு பாதை.

இரண்டாவது, 'செலக்ட் 1' மட்டும் ஓட்டும் ஒரே ஒரு டெஸ்ட். நானூறு டெஸ்ட்டை ஓட்டிப் பிழை தேடினால் ஒரே காரணம் நானூறு வேஷத்தில் வரும்.

மூன்றாவது, டெஸ்ட் தொடங்கும்போது ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ் பெயர், யூசர் ஆகிய நான்கையும் லாக்கில் எழுதும் ஒரு வரி. பாஸ்வேர்டை எழுதாதீர்கள். ஃபைலில் எழுதியிருப்பது ஒன்று, என்விரான்மென்ட் வேரியபிள் அதை மீறிக் கொடுப்பது இன்னொன்று. நீங்கள் பார்ப்பது ஃபைலை. புரோகிராம் எடுத்துக்கொள்வது கடைசியில் நின்ற மதிப்பை.

நான்காவது ஒரு காவல். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய வேலையிடம் ஒன்றில், காலையில் எதற்கோ ஒரு டெர்மினலில் எல்லோருக்கும் பொதுவான ஸ்டேஜிங் டேட்டாபேஸின் முகவரியை வேரியபிளாக வைத்தேன். மதியம் அதே டெர்மினலில் டெஸ்ட்டை ஓட்டினேன். டெஸ்ட் தன் கடமையைச் சரியாகச் செய்தது: ஒவ்வொரு டேபிளையும் துடைத்தது. டெமோவுக்காக மூன்று பேர் இரண்டு நாள் உட்கார்ந்து ஏற்றிய டேட்டா பதினோரு நொடியில் போய்விட்டது. அன்றிலிருந்து எந்த புராஜெக்ட்டானாலும் நான் போடும் முதல் கோடு இது: துடைக்கும் முன் 'கரன்ட்_டேட்டாபேஸ்' எது என்று சர்வரையே கேள், பெயர் '_டெஸ்ட்' என்று முடியாவிட்டால் அங்கேயே நிறுத்து. கான்ஃபிக்கைக் கேட்டால் போதாது, சர்வரைத்தான் கேட்க வேண்டும்.

2. எரரின் எண்ணைப் படியுங்கள், சிவப்பு நிறத்தைப் பார்க்காதீர்கள்

ஜாவாவில் எரர் எண்பது வரி வரும். அதில் உண்மையான காரணம் கடைசியாக வரும் 'காஸ்ட் பை' வரியில் இருக்கும். பைத்தானில் ஒரு எரரிலிருந்து இன்னொன்று கிளைத்தால் மூலகாரணம் மேலே முதலில் அச்சாகும். கடைசி வரி வெறும் விளைவு. இது தெரியாமல் 'அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட் ஏறவில்லை' என்ற வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கனெக்‌ஷன் 'ரெஃப்யூஸ்ட்' என்று வந்தால், மெஷின் வரை போய்விட்டீர்கள், ஆனால் அந்தப் போர்ட்டில் கேட்பார் இல்லை. 'டைம்டு அவுட்' என்று வந்தால் மெஷினையே எட்டவில்லை, அல்லது நடுவில் ஃபயர்வால் விழுங்குகிறது. முதலாவதற்கு சர்வரைப் பாருங்கள், இரண்டாவதற்கு நெட்வொர்க்கைப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் விபிஎன்னும் டாக்கரும் ஒரே ஐபி வரம்பைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டாலும் டைம் அவுட்தான் வரும். டாக்கர் வழக்கமாக எடுப்பது 172.17 என்று தொடங்கும் வரம்பு.

அதற்கு மேலே போஸ்ட்கிரெஸ் ஐந்து எழுத்தில் ஒரு குறியீடு தரும். அடிக்கடி வருபவை இவை ('பி' என்பது ஆங்கில P, 'டி' என்பது D). 57பி03: சர்வர் இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. 28பி01: பாஸ்வேர்ட் சரியில்லை. 3டி000: அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இல்லை. 42501: உரிமை இல்லை. 42பி01: டேபிள் இல்லை. 53300: கனெக்‌ஷன் இடம் நிரம்பிவிட்டது. மைஎஸ்க்யூஎல்லில் 2003 என்றால் சர்வரை எட்டவில்லை, 1045 என்றால் உள்ளே விடவில்லை, 1049 என்றால் டேட்டாபேஸ் இல்லை, 1146 என்றால் டேபிள் இல்லை.

28பி01 வந்தால் பாதி சந்தோஷப்படுங்கள்: முகவரி, போர்ட், சர்வர் என்று மூன்று படி ஏறியாயிற்று. ஆனால் ஒரு சூது இருக்கிறது. அந்தப் பெயரில் யூசரே இல்லாவிட்டாலும் போஸ்ட்கிரெஸ் வெளியே அதே 'பாஸ்வேர்ட் தவறு' செய்தியைத்தான் சொல்லும், எந்த யூசர்கள் இருக்கிறார்கள் என்று வெளியாள் மோப்பம் பிடிக்கக் கூடாது என்பதற்காக. உண்மைக் காரணம் சர்வர் லாக்கில் இருக்கும். அதனால் எப்போதும் இரண்டு லாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள்.

3. முகவரி: லோக்கல்ஹோஸ்ட் யாருடையது?

புதியவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'நான் ஓடுகிற இடம்'. டெஸ்ட் ஒரு கண்டெய்னரில், டேட்டாபேஸ் இன்னொரு கண்டெய்னரில் என்றால், டெஸ்ட்டின் லோக்கல்ஹோஸ்ட்டில் டேட்டாபேஸ் இருக்காது. கண்டெய்னர்களை வரிசையாக எழுதிவைக்கும் டாக்கர் கம்போஸ் ஃபைலில் சர்வீஸுக்கு என்ன பெயர் வைத்தீர்களோ அதுதான் ஹோஸ்ட். போர்ட்டும் கண்டெய்னருக்கு உள்ளே இருக்கும் போர்ட். 5433-ஐ 5432-க்கு மேப் செய்திருந்தாலும், பக்கத்துக் கண்டெய்னர் 5432 என்றுதான் கூப்பிட வேண்டும். 5433 லேப்டாப்பிலிருந்து வருபவர்களுக்கு மட்டும்.

டெஸ்ட்டே கண்டெய்னரை எழுப்ப உதவும் டெஸ்ட்கண்டெய்னர்ஸ் லைப்ரரியைப் பயன்படுத்தினால் வெளிப் போர்ட் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். கான்ஃபிக்கில் 5432 என்று எழுதிவைக்காமல், கண்டெய்னரிடமே கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஏமாற்றும் வகை. லேப்டாப்பில் எப்போதோ இன்ஸ்டால் பண்ணிய போஸ்ட்கிரெஸ் பின்னணியில் 5432-இல் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் கண்டெய்னரைத் தேடிப் போய் அதன் கதவைத் தட்டுவீர்கள். அது 28பி01 சொல்லும். நீங்கள் கண்டெய்னரின் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். உள்ளே நுழைய முடிந்தால் 'செலக்ட் வெர்ஷன்()' ஓட்டுங்கள். எந்தக் கம்பைலரில், எந்தச் சிஸ்டத்துக்குக் கட்டியது என்பது வரை அதில் வரும். டெபியன் என்று எதிர்பார்க்கும் இடத்தில் விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்று வந்தால் நீங்கள் இருப்பது வேறு வீடு. நுழையவே முடியாவிட்டால் கண்டெய்னர் லாக்கைப் பாருங்கள். உங்கள் தோல்வி அங்கே பதிவாகவில்லை என்றால் நீங்கள் அங்கே போகவே இல்லை.

இன்னும் இரண்டு சிறு விஷயம். மைஎஸ்க்யூஎல் கிளையன்டுக்கு யூனிக்ஸ் சிஸ்டத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் சாக்கெட் ஃபைல், நெட்வொர்க் இல்லை. எரர் 2002 வந்தால் 127.0.0.1 என்று எழுதிப் பாருங்கள். நோட் ஜேஎஸ் 17-லிருந்து லோக்கல்ஹோஸ்ட் ஐபிவி6 முகவரியாக மாறலாம். சர்வர் ஐபிவி4-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் 'ரெஃப்யூஸ்ட்' வரும். மருந்து அதேதான்.

4. எழுந்துவிட்டதா, இன்னும் எழுந்துகொண்டிருக்கிறதா?

கம்போஸில் 'டிபென்ட்ஸ் ஆன்' போட்டுவிட்டால் டேட்டாபேஸ் தயாரானபின்தான் டெஸ்ட் தொடங்கும் என்று நம்புகிறார்கள். வெறும் 'டிபென்ட்ஸ் ஆன்' கண்டெய்னர் தொடங்கியதை மட்டும்தான் பார்க்கும். அதோடு ஹெல்த்செக் எழுதி, நிபந்தனையாக 'சர்வீஸ் ஹெல்தி' என்று கொடுக்க வேண்டும்.

ஹெல்த்செக்கில் பிஜி_ஈஸ்ரெடி போட்டும் சில நேரம் முதல் டெஸ்ட் விழும். காரணம் இது. போஸ்ட்கிரெஸ் இமேஜ் (கண்டெய்னர் உருவாகும் அச்சு) முதல்முறை ஓடும்போது ஒரு தற்காலிக சர்வரை எழுப்பி, தொடக்க ஸ்கிரிப்ட்களை ஓட்டி, அதை நிறுத்திவிட்டு, பிறகு நிஜ சர்வரை எழுப்பும். லாக்கில் 'கனெக்‌ஷன் ஏற்கத் தயார்' என்ற வரி இரண்டு தடவை வருவது அதனால்தான். தற்காலிக சர்வர் சாக்கெட்டில் மட்டும் கேட்கும், நெட்வொர்க்கில் கேட்காது. பிஜி_ஈஸ்ரெடி கண்டெய்னருக்குள் சாக்கெட் வழியாகக் கேட்டுவிட்டு "ரெடி" என்கிறது, வெளியே நிற்கும் டெஸ்ட்டுக்குக் கதவு மூடியிருக்கிறது. கட்டளையில் ஹோஸ்ட்டாக 127.0.0.1 கொடுத்துவிடுங்கள், நெட்வொர்க் வழியாகக் கேட்கும். ஸ்லீப் 10 என்று போட்டுச் சமாளிப்பதை நான் ரிவ்யூவில் ஏற்பதில்லை. உங்கள் லேப்டாப்பில் பத்து நொடி, நெரிசலான சிஐ மெஷினில் (கோடு ஏறியதும் டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் சர்வரில்) அது இருபது.

டெஸ்ட் டேட்டாபேஸின் டேட்டா டைரக்டரியை டிஎம்பிஎஃப்எஸ்ஸில், அதாவது மெமரியிலேயே வைத்துவிடுவது என் வழக்கம். வேகமாக ஓடும், ஒவ்வொரு தடவையும் காலியாகத் தொடங்கும். சிலர் வேகத்துக்காக எழுதியது டிஸ்க்கில் இறங்கியதை உறுதிசெய்யும் எஃப்சிங்க்கை மட்டும் அணைத்துவிட்டு டேட்டாவை டிஸ்க்கிலேயே விடுவார்கள். இங்கே ஜனவரி, பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்குப் போனால் எல்லோரும் வீட்டில்தான். கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எஃப்சிங்க் இல்லாமல் கரன்ட் போனால் டேட்டா ஃபைல் கெட்டுப்போகலாம். மெமரியில் இருந்தால் போனது போகட்டும், அடுத்த ஓட்டத்தில் புதிதாக வரும்.

5. பாஸ்வேர்டை மாற்றியும் உள்ளே விடவில்லை

கம்போஸ் ஃபைலில் பாஸ்வேர்டை மாற்றி, கண்டெய்னரை நிறுத்தி, மறுபடி எழுப்பினாலும் 28பி01 வரும். ஏனென்றால் அந்த பாஸ்வேர்ட் வேரியபிளை இமேஜ் படிப்பது டேட்டா டைரக்டரி காலியாக இருக்கும் முதல் தடவை மட்டும்தான். வால்யூமில் (கண்டெய்னர் போனாலும் நிற்கும் சேமிப்பில்) பழைய டேட்டா இருந்தால் பழைய பாஸ்வேர்டே நிற்கும். தொடக்க ஸ்கிரிப்ட் ஃபோல்டருக்கும் இதே விதி: புதிதாக ஒரு எஸ்க்யூஎல் ஃபைலை அதில் போட்டுவிட்டு "ஓடவே இல்லை அக்கா" என்று வருவது வாரம் ஒருமுறை நடக்கும்.

கம்போஸ் டவுன் கட்டளை மட்டும் பெயரிட்ட வால்யூமை அழிக்காது. அதோடு மைனஸ் வி சேர்க்க வேண்டும். ஆனால் அந்த கம்போஸ் ஃபைலில் உங்கள் டெவலப்மென்ட் டேட்டாபேஸும் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். ஆகவே டெஸ்ட்டுக்கென்று தனி கம்போஸ் ஃபைல் வையுங்கள்.

பாஸ்வேர்ட் சரி, யூசர் சரி, ஆனால் டிரைவர் 'ஆதன்டிகேஷன் வகை 10 தெரியாது' என்கிறதா? போஸ்ட்கிரெஸ் 14-லிருந்து பாஸ்வேர்ட் சேமிக்கும் முறை இயல்பாகவே ஸ்கிராம் ஆகிவிட்டது. பழைய டிரைவருக்கு அது புரியாது. டிரைவரைப் புதுப்பியுங்கள், சர்வரைப் பின்னுக்கு இழுக்காதீர்கள்.

6. டேபிள் இல்லை என்கிறது, ஆனால் இருக்கிறதே!

42பி01 வந்ததும் மைக்ரேஷனை (டேபிள்களை உருவாக்கி மாற்றும் ஸ்கிரிப்ட்களை) திருத்த ஓடாதீர்கள். மூன்று கேள்வி, இதே வரிசையில்.

எந்த டேட்டாபேஸில், எந்த ஸ்கீமாவில் இருக்கிறேன்? கரன்ட்_டேட்டாபேஸையும் சர்ச்_பாத்தையும் கேளுங்கள். மைக்ரேஷன் ஒரு டேட்டாபேஸில் ஓடி, டெஸ்ட் இன்னொன்றில் தேடுவது நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல்.

மைக்ரேஷன் உண்மையில் ஓடியதா? மைக்ரேஷனை ஓட்டும் கருவி ஃப்ளைவே என்றால் அதன் வரலாற்று டேபிளைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். அந்த டேபிளே இல்லையென்றால் அது ஓடவில்லை. ஸ்பிரிங்கில் 'டேட்டா ஜேபிஏ டெஸ்ட்' குறி போட்ட டெஸ்ட்டுகளுக்கு இன்னொரு வினோதம்: நீங்கள் கொடுத்த டேட்டாபேஸை ஒதுக்கிவிட்டு, மெமரியில் ஓடும் எச்2 போன்ற ஒன்றை அதுவே வைக்கப் பார்க்கும். மாற்றாதே என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

பெயரின் எழுத்து வடிவம் சரியா? மேற்கோள் குறி இல்லாத பெயரைப் போஸ்ட்கிரெஸ் சிறிய எழுத்தாக்கிவிடும். ஓஆர்எம் (நமக்காக எஸ்க்யூஎல் எழுதும் லைப்ரரி) மேற்கோளுக்குள் பெரிய எழுத்தோடு உருவாக்கிய டேபிள் மேற்கோள் இல்லாத கேள்விக்குக் கிடைக்காது. மைஎஸ்க்யூஎல்லில் வேறு கதை: டேபிள் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். உங்கள் லேப்டாப்பில் பாஸ், சிஐயில் 1146.

டேபிள் இருக்கிறது, ஆனால் 42501 வருகிறது என்றால் உரிமைப் பிரச்சினை. போஸ்ட்கிரெஸ் 15-லிருந்து பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்க முடியாது. டேட்டாபேஸின் சொந்தக்காரருக்கே அந்த உரிமை. 14-லிருந்து தாவியவர்கள் எல்லோரும் ஒருமுறை இதில் இடித்துக்கொண்டிருப்பார்கள். டெஸ்ட் டேட்டாபேஸை உருவாக்கும்போதே டெஸ்ட் யூசரை அதன் சொந்தக்காரராக வையுங்கள். சூப்பர்யூசராக ஓட்டிவிட்டால் எரர் மறையும், ஆனால் உரிமைக் குறைபாடுகளை டெஸ்ட் ஒருநாளும் பிடிக்காது.

பைத்தானில் ஜாங்கோ பயன்படுத்துபவர்களுக்கு: அது 'டெஸ்ட்_' என்று முன்னொட்டுச் சேர்த்துத் தனி டேட்டாபேஸைத் தானே உருவாக்கும், ஆகவே யூசருக்கு டேட்டாபேஸ் உருவாக்கும் உரிமை வேண்டும். போன ஓட்டம் பாதியில் செத்திருந்தால் 'பழையதை அழிக்கவா?' என்று கேட்டு நிற்கும். சிஐயில் பதில் சொல்ல ஆளில்லை. நோஇன்புட் கொடியைச் சேருங்கள்.

எச்2, எஸ்க்யூலைட் போன்றவற்றை வைத்துப் போஸ்ட்கிரெஸ் கோடை டெஸ்ட் பண்ணலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். எஸ்க்யூலைட் இயல்பாக ஃபாரின் கீயையே கண்டுகொள்ளாது. மெமரியில் வைத்தால் கனெக்‌ஷனுக்கு ஒரு டேட்டாபேஸ். டேபிளை ஒன்றில் உருவாக்கி இன்னொன்றில் தேடுவீர்கள்.

7. தனியாக ஓடினால் பாஸ், கூட்டமாக ஓடினால் ஃபெயில்

இங்கே பிரச்சினை மிச்சம் மீதி. முந்தின டெஸ்ட் விட்டுப்போன வரி, பூட்டிவிட்டுப் போன டேபிள்.

சுத்தம் செய்வதை டெஸ்ட்டுக்குப் பின் செய்யாதீர்கள், முன் செய்யுங்கள். டெஸ்ட் பாதியில் விழுந்தால் பின்னால் உள்ள சுத்தம் ஓடாமலே போகலாம். அதோடு, விழுந்த டெஸ்ட்டின் டேட்டா அப்படியே கிடந்தால் நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

ஒவ்வொரு டெஸ்ட்டையும் ஒரு டிரான்சாக்‌ஷனில் வைத்துக் கடைசியில் ரோல்பேக் பண்ணுவது வேகமான முறை. ஆனால் அது எல்லாவற்றையும் திருப்பாது. ஐடிக்குத் தானாக ஏறும் சீக்வென்ஸ் எண் பின்னால் வராது. 'முதல் ஊழியரின் ஐடி 1' என்று எழுதிய டெஸ்ட் தனியாக ஓடும்போது மட்டும் பாஸாகும். மைஎஸ்க்யூஎல்லில் டேபிளை மாற்றும் கட்டளை ஓடினால் அந்த நொடியே கமிட் ஆகிவிடும். டெஸ்ட் நிஜ ஹெச்டிடிபி சர்வரைக் கூப்பிட்டால், சர்வர் வேறு திரெட்டில், வேறு கனெக்‌ஷனில் எழுதும். உங்கள் ரோல்பேக் அதைத் தொடாது. அந்த வகை டெஸ்ட்டுகளுக்கு டேபிளைக் காலியாக்கும் டிரங்கேட்தான். 'ரீஸ்டார்ட் ஐடென்டிட்டி கேஸ்கேட்' சேர்த்தால் எண்ணும் ஒன்றிலிருந்து தொடங்கும், சார்ந்த டேபிள்களும் காலியாகும்.

டிரங்கேட் போட்டதும் டெஸ்ட் எரரும் இல்லாமல் அசைவும் இல்லாமல் நிற்கிறதா? அந்த டேபிளை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். டிரங்கேட்டுக்கு முழுப் பூட்டு வேண்டும். முடிக்காமல் விட்ட ஒரே ஒரு செலக்ட் டிரான்சாக்‌ஷன் அதைத் தடுக்கப் போதும். பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்து 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' என்று இருப்பவரைத் தேடுங்கள். பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் யார் யாரைத் தடுக்கிறார் என்று நேராகச் சொல்லும். பல தடவை குற்றவாளி டேட்டாபேஸைப் பார்க்க நீங்களே திறந்துவைத்த டிபீவர் ஜன்னல்தான். டெஸ்ட் யூசருக்கு லாக்_டைம்அவுட்டை 5 நொடி என்று வைத்துவிட்டால், மணிக்கணக்கில் தொங்காமல் 55பி03 என்று பளிச்சென விழும்.

டெஸ்ட்டுகளை இணையாக ஓட்டினால் ஒவ்வொரு வொர்க்கருக்கும் ஒரு டேட்டாபேஸ் கொடுங்கள். ஒரு முறை மைக்ரேஷன் ஓட்டி டெம்ப்ளேட் ஒன்றைத் தயார் செய்து, அதிலிருந்து நகல் எடுப்பது வேகம். நகல் எடுக்கும்போது டெம்ப்ளேட்டில் யாரும் கனெக்ட் ஆகியிருக்கக் கூடாது, இருந்தால் 55006. அழிக்கும்போதும் அதே எரர் வரும், ஆனால் போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து டிராப் டேட்டாபேஸோடு ஃபோர்ஸ் சேர்க்கலாம்.

8. பாதி ஓட்டத்தில் இடம் நிரம்பிவிடுகிறது

53300 முதல் டெஸ்ட்டில் வராது, நூறாவதிலோ இருநூறாவதிலோ வரும். அதனால் அந்த டெஸ்ட்டைக் குறை சொல்லாதீர்கள். கணக்குப் போடுங்கள்.

போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 கனெக்‌ஷன் தரும். அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியது, மற்றவருக்கு 97. ஸ்பிரிங் பூட் வைக்கும் ஹிகாரி பூல் (திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) இயல்பாக 10 கனெக்‌ஷன் பிடித்துவைக்கும். ஸ்பிரிங் டெஸ்ட் ஒவ்வொரு தனிப்பட்ட கான்டெக்ஸ்ட்டையும் (அப்ளிகேஷனின் ஏற்றிவைத்த பிரதியையும்) கேஷில் வைத்துக்கொள்ளும், 32 வரை. ஒரு டெஸ்ட் கிளாஸில் வேறு மாக் பீன் (நிஜப் பாகத்துக்குப் பதில் வைக்கும் போலி), இன்னொன்றில் வேறு பிராப்பர்ட்டி என்று வைத்தால் ஒவ்வொன்றும் தனிக் கான்டெக்ஸ்ட், தனி பூல். பத்தாவது கான்டெக்ஸ்ட்டில் மூச்சு முட்டும், பதினொன்றாவது வாசலிலேயே நின்றுவிடும்.

சர்வரில் 100-ஐ 500 ஆக்குவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அதற்குப் பதில் டெஸ்ட் புரொஃபைலில் பூல் அளவை 2 ஆக்குங்கள், மாக் பீன்களை ஒரே அடிப்படைக் கிளாஸில் சேருங்கள். கான்டெக்ஸ்ட் எண்ணிக்கை குறைந்தால் டெஸ்ட் ஓடும் நேரமும் சேர்ந்து குறையும். பூலை 1 ஆக்க வேண்டாம். ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் இன்னொன்று திறக்கும் கோடு தன்னைத்தானே காத்து நின்றுவிடும்.

9. என் லேப்டாப்பில் ஓடுகிறது, சிஐயில் இல்லை

இமேஜே இறங்கவில்லை, 429 என்கிறதா? டாக்கர் ஹப் லாகின் செய்யாதவர்களை ஐபி முகவரியை வைத்து எண்ணுகிறது. ஆபீஸ் முழுவதும் ஒரே பொது ஐபியில் வெளியே போனால் பக்கத்து டீமின் இறக்கமும் உங்கள் கணக்கில் சேரும். சிஐயில் லாகின் செய்யுங்கள்.

தொடக்க ஷெல் ஸ்கிரிப்ட் 'பேட் இன்டர்பிரிட்டர்' என்கிறதா? விண்டோஸ் வரி முடிவு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கிட் ஆட்ரிப்யூட்ஸில் அந்த ஃபைல்களுக்கு எல்எஃப் என்று பூட்டிவையுங்கள். ஆப்பிள் எம் சிப் லேப்டாப்பில் மைஎஸ்க்யூஎல் 5.7 இமேஜ் நேராகக் கிடைக்காது, ஆர்ம் பதிப்பு இல்லை. பெரிய கேள்வி ஓடும்போது மட்டும் 'ஷேர்டு மெமரியில் இடமில்லை' என்றால், டாக்கர் கண்டெய்னருக்கு இயல்பாகத் தருவது 64 எம்பிதான். அந்த ஷேர்டு மெமரி அளவை (shm_size) கூட்டுங்கள். டிஸ்க்கைக் காலி செய்து பலனில்லை.

10. நேரமும் எழுத்தும்

இந்தப் படிக்கு வரும்போது டேட்டாபேஸ் ஓடுகிறது, டெஸ்ட்டும் பெரும்பாலும் பாஸாகிறது. ஆனால் சில நாள், சில நேரம் மட்டும் விழுகிறது. இந்தத் தீவில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இது தனிப் பாடம்.

நாம் உலகப் பொது நேரமான யுடிசிக்கு நான்கு மணி நேரம் முன்னால். நள்ளிரவு முதல் காலை நான்கு வரை நமக்கு இன்று, சர்வருக்கு நேற்று. ரிலீஸ் இரவுகளில் பன்னிரண்டு மணிக்கு மேல் டெஸ்ட் விழுவதும், தூங்கி எழுந்து ஓட்டினால் பாஸாவதும் இதனால்தான். அப்ளிகேஷன் உள்ளூர் நேரத்தில் 'இன்று' என்று எழுதுகிறது, டேட்டாபேஸ் யுடிசியில் 'இன்று' என்று தேடுகிறது. டெஸ்ட்டுக்குள் நேரத்தை உறையவையுங்கள், கனெக்‌ஷனின் டைம்சோனை யுடிசி என்று வெளிப்படையாகக் கொடுங்கள். கோடில் 'கூட்டு 4' என்று கையால் எழுதாதீர்கள். 2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை இங்கே கோடை நேரம் இருந்தது, அப்போது ஐந்து மணி நேரம். பழைய சம்பளப் பதிவுகளைச் சோதிக்கும் டெஸ்ட் அங்கே ஒரு மணி நேரம் தவறும். 'இந்தியன்/மொரிஷியஸ்' என்ற சோன் பெயரைக் கொடுத்தால் அந்தக் கணக்கு தானே வரும். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் இமேஜில் அந்தப் பெயர் தெரியாது என்று வந்தால் டிஇசட்டேட்டா பேக்கேஜைச் சேருங்கள். அது இயல்பாக அதில் இருக்காது.

எங்கள் சம்பள மாட்யூலில் அடுத்த மாத வேலை நாட்களை எண்ணும் டெஸ்ட் ஒன்று இருக்கிறது. பதினொரு மாதம் பச்சையாக இருந்தது, டிசம்பர் 1 காலையில் சிவந்தது. யாரும் கோடைத் தொடவில்லை. தொடக்க டேட்டாவில் விடுமுறைப் பட்டியல் அந்த வருடத்தோடு முடிந்திருந்தது. தைப்பூசக் காவடி, மகா சிவராத்திரி, ஈத் எல்லாம் வருடா வருடம் தேதி மாறும் அரசு விடுமுறைகள். யாராவது கையால் ஏற்ற வேண்டும். இப்போது டெஸ்ட் தனக்கு வேண்டிய இரண்டு விடுமுறை வரியைத் தானே எழுதிக்கொள்கிறது, தேதியும் உறைந்த தேதி. டெஸ்ட் பொதுவான தொடக்க டேட்டாவை நம்பியிருந்தால் அதை எழுதியவருக்கே தெரியாமல் ஒருநாள் விழும்.

எழுத்துக்கு வருவோம். நம் ஊழியர் பட்டியலில் பிரெஞ்சுப் பெயர்கள் நிறைய. எரிக் என்ற பெயரை முதல் எழுத்தின் மேல் அழுத்தக்குறி போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள். மைஎஸ்க்யூஎல் 8-இன் இயல்பான ஒப்பீட்டு விதி அழுத்தக்குறியைப் பார்ப்பதில்லை. யூனிக் நெடுவரிசையில் இரண்டையும் போட்டால் 1062. போஸ்ட்கிரெஸ் வழக்கமாக இரண்டையும் வேறு பெயராகவே ஏற்கும். வரிசைப்படுத்தும்போது இன்னொன்று: போஸ்ட்கிரெஸின் ஆல்பைன் இமேஜில் சிஸ்டத்தின் மொழிவாரி வரிசை வேலை செய்யாது, அழுத்தக்குறி எழுத்து இசட்டுக்குப் பின்னால் போய்விடும். லேப்டாப்பில் ஆல்பைன், சிஐயில் டெபியன் என்றால் பட்டியல் வரிசையைச் சோதிக்கும் டெஸ்ட் ஒன்றில் மட்டும் விழும். இரண்டிலும் ஒரே இமேஜ், அதுவும் பதிப்பு எண்ணோடு, 'லேட்டஸ்ட்' வேண்டாம்.

தமிழ் டேட்டா போட்டுச் சோதிப்பவர்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மொரிஷியஸின் 'மொ'வை மகரத்தோடு ஒகரக் குறி என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம், மகரத்தோடு எகரக் குறி, துணைக்கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் ஒரே மாதிரி தெரியும், டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு. எதிர்பார்த்ததும் வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் டெஸ்ட் 'சமமில்லை' என்றால் இதுதான். சேமிக்கும் முன் குறிகளை ஒன்றுசேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள். நீளமும் அப்படியே: 'முருகன்' நமக்கு நாலு எழுத்து, போஸ்ட்கிரெஸுக்கு 7, பைட்டில் 21. ஆரக்கிளில் நெடுவரிசை 20 பைட் என்றால் முருகனுக்கு இடமில்லை.

11. யாரிடமாவது கேட்கும் முன்

இவ்வளவுக்குப் பிறகும் நின்றால் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். எரர் குறியீடு, மூலகாரண வரி, அதே நிமிடத்து சர்வர் லாக், முதல் படியில் சொன்ன ஹோஸ்ட்-போர்ட்-டேட்டாபேஸ்-யூசர் வரி, 'செலக்ட் 1' டெஸ்ட் பாஸா ஃபெயிலா என்பது: இவற்றை எழுத்தாக ஒட்டி அனுப்புங்கள். போன வாரம் ஒரு தம்பி இதையெல்லாம் எனக்கு டைப் செய்துகொண்டே வந்தவர், நடுவில் நிறுத்திவிட்டு, "அக்கா, விடுங்க, போர்ட் 5433-ன்னு இருக்கு" என்று அனுப்பினார்.